மருத்துவர் அனுமதித்த பேய்

உப்பு கூடாது. வாசல் பனியை அள்ளக் கூடாது.
மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறக் கூடாது.
தாளை மடித்துக் கொடுத்த மருத்துவர்
பேய்ப்படம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
ஆர்னேதான் கேட்டார், சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே.
அந்தப் பெண் சிரித்துவிட்டு,
பழைய படமென்றால் பரவாயில்லை என்றாள்.
எவ்வளவு பழையது என்று
காருக்கு வந்த பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

முப்பத்தொரு ஹாலோவீனும் அவர் தேர்ந்த படங்கள்.
நான் தலையணைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்,
அதாவது, கேட்டேன்.
எந்தக் கதவு எப்போது கிறீச்சிடும் என்று தெரியும்,
கதவு என்ன நிறம் என்று தெரியாது.
(நிறமே இல்லை, எல்லாம் கறுப்பு வெள்ளை
என்பது இந்த வாரம் தெரிந்தது.)

பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டு வந்து
நூலகத்துத் தட்டுகளை ஒவ்வொன்றாய்ப் போட்டேன்.
பட்டப்பகல், திரைச்சீலை விலக்கி,
மடியில் மளிகைக் கணக்கு நோட்டு.

‘பதினோராம் படி’: நாற்பத்திரண்டாவது நிமிடம், அலமாரி. கூடாது.

‘சதுப்பு நிலத்துச் சீமாட்டி’:
முக்கால் மணி நேரம் தேநீர்தான் குடிக்கிறார்கள்.
நம்பிவிட்டேன்.
பிறகு அந்தக் கை.
நோட்டில் பேனா இழுத்த கோடு இன்னும் இருக்கிறது.

‘டாக்டர் வோர்லாக்கின் மெழுகு’:
நெஞ்சைத் திறக்கிறார்கள்.
இதை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது.
செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய்
காரின் பின் இருக்கையில் கவிழ்த்துப் போட்டேன்.

ஆறாவது படத்தில் ஒரு வௌவால்.
பறக்கும்போது கம்பி தெரிந்தது.
தெரிந்ததா என்று நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.
ஆமாம், நன்றாகவே,
யாரோ துணி காயப்போட்டது மாதிரி.
அந்தக் கம்பியை முத்தமிட்டிருப்பேன்.

டுலூத்தில் அக்டோபர் கடைசி என்றால்
ஏரிக்காற்றுக்கே பல் முளைத்திருக்கும்.
பிள்ளைகள் குளிர்கோட்டுக்கு மேல் வேஷம் போடுவதால்
எங்கள் ஊர் எலும்புக்கூடுகள் எல்லாம் கொஞ்சம் பருமன்.
அழைப்புமணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும்
ஆர்னே எழப் பார்ப்பார்,
உட்காருங்கள் என்பேன்.
உட்கார்ந்தபடியே கிண்ணத்திலிருந்து ஒரு கேரமல் குறையும்.
கேரமல் பற்றியும் தாளில் ஒன்றும் இல்லை.

எட்டரைக்கு வாசல் விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டேன்.
வௌவால் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

ஒலியைக் குறைத்தேன்.
திரையில் ஒரு பெண் சத்தமில்லாமல் அலறினாள்.
அப்போதுதான் கவனித்தேன்,
அவர் மூச்சு உள்ளே போனது,
வெளியே வரவில்லை.

படத்தில் என்றால் முன்கூட்டியே வயலின் சொல்லிவிடும்.
இங்கே குளிர்சாதனப் பெட்டி மட்டும் முனகியது.
மூன்று. நான்கு.
நோட்டில் இதற்கு நிமிடம் குறித்து வைக்கவில்லை.
ஏழு.
தலையணை என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.
கண்ணை மூடாமல் பார்த்தேன்,
அவருடைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையின்
மூன்றாவது பொத்தானை.

பத்தில் அது அசைந்தது.

ஒரு குறட்டை, ஒரு இருமல், கண் திறந்தார்.
‘அந்தப் பொண்ணு செத்துட்டாளா?’
‘இன்னும் இல்ல.’
‘உனக்கென்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?’
திரையைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.
‘மார்லிஸ், கம்பி தெரியுது’ என்றார்,
ஏமாற்றத்தில் முகம் சுருங்கிப்போய்.
‘இதுக்கா பயந்தே?
அடுத்த வருஷம் நிஜமாவே பயமா ஒண்ணு பார்க்கணும்.’

அடுத்த வருஷம்.
அந்தச் சொல்லை
கேரமல் போல வாயில் ஒதுக்கிக்கொண்டேன்,
கடிக்கவில்லை.

‘டாக்டர் வோர்லாக்’ இன்னும் காரில்தான் கிடக்கிறார்.
செவ்வாய்க்குள் திருப்பித் தர வேண்டும்.